வன்னியின் குரலும் வீட்டு ஒலிப்பதிவறையும்

விபுலாநந்த அடிகளார் பல்லாண்டு உழைத்து ஆக்கிய யாழ்நூல் 1947 ஆம் ஆண்டிற் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரால் வெளியிடப்பட்டது. வழக்கொழிந்த இசைக்கருவியொன்றின் நரம்புகள் எங்ஙனம் ஒலித்தன என்பதைச் சிலப்பதிகார அடிகளையும் உரையாசிரியர் குறிப்புக்களையும் கணித அளவைகளையும் துணைக்கொண்டு அடிகளார் மீட்டுரைக்க முயன்ற வரலாறு எம் கல்லூரி மாணவர் அறியாததன்று. அந்நூலைப் புரட்டும்பொழுதெல்லாம் ஓர் எண்ணம் எழுவதுண்டு. மாதவி காலத்து யாழொலி ஒரு நிமிடமேனும் எங்கேனும் பதிந்து கிடந்திருப்பின், இத்துணைப் பெருமுயற்சியிற் பாதிக்கு மேல் வேண்டப்பட்டிராது. சொல்லை ஏடு காத்தது. ஒலியைக் காப்பதற்கு அன்று வழியில்லை.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலத்தின் பாடல்களுக்கும் ஏறத்தாழ இதே நிலைமைதான் வாய்த்தது. ஆனால் இங்குக் குறை காலத்தினால் வந்ததன்று. ஒலியைப் பதியுங் கருவி உலகில் தோன்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், அக்கருவி இருந்த இடத்தைத் தேடி வன்னியான் போக வேண்டியிருந்ததேயன்றி, அது அவன் வாயிலை நாடி வந்ததில்லை. இன்று கிளிநொச்சியிலோ முள்ளியவளையிலோ ஓர் இளைஞன் தன் வீட்டு அறையொன்றில், எந்நிறுவனத்தின் துணையுமின்றி, தானே பாடிப் பதிந்து ஓர் இசைத்தொகுப்பை வெளியிட இயலும். இந்நிலை எவ்வாறு வந்தது என்பதையும், வருமுன் எவை இழக்கப்பட்டன என்பதையும் ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்னியின் இசைச்செல்வத்தைப் பற்றி முதலிற் சில கூறுதல் வேண்டும். அருவி வெட்டுப் பாட்டு, பன்றிப் பள்ளு, குருவிப் பள்ளு, தாலாட்டு, கும்மி, ஒப்பாரி என வயலும் வீடும் சார்ந்த பாடல்கள் பலவாகும். குமுளமுனைப் பக்கத்தில் யானையைப் பிடித்துக் கட்டிய அரியாத்தையின் கதையைச் சொல்லும் வேலப்பணிக்கன் ஒப்பாரி இந்நிலத்துக்கே உரியது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலன்று கடல்நீரில் விளக்கெரியும் இரவில் கண்ணகி கதையைப் பாடும் மரபும், முல்லைமோடி என்னுந் தனிப்பாங்கிற் பாடி ஆடப்பெறும் கோவலன் கூத்தும் யாவரும் அறிந்தனவே. 1895 ஆம் ஆண்டில் வன்னி மாவட்டங்கள் பற்றி விரிவான கையேடொன்றை எழுதிய ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில ஆட்சியாளர் இந்நாட்டின் குளங்களையும் ஊர்களையும் வழக்கங்களையும் நுணுகிக் குறித்து வைத்தார். சூடு மிதிக்குங் களத்தில் மாத்திரம் வழங்கும் தனிச்சொற்களைப் பற்றியும் அவர் எழுதியுள்ளார். பிற்காலத்தில் செ. மெற்றாஸ்மயில் ‘வன்னிவள நாட்டுப் பாடல்கள்’ என்னுந் தொகுப்பைத் தந்தார். இவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. எனினும் அச்சேறியது சொல் மாத்திரமே. அருவி வெட்டுவோர் மூச்செடுக்கும் இடம் யாது, முதல்வன் விட்ட அடியை மற்றையோர் எச்சுருதியில் ஏற்றனர், அரிவாளின் வீச்சுத் தாளத்தின் எம்மாத்திரையில் விழுந்தது என்பன தாளில் ஏறா. பாடலை அச்சிற் படிக்கும் மாணவன் அதைக் கவிதையென்று கொள்வான். அது வேலையின் ஒரு பகுதி என்பதை அவன் செவி அறியாது.

இனி, ஒலிப்பதிவின் வரலாற்றுக்கு வருவாம். எடிசன் 1877 இல் ஒலியைப் பதிந்து மீட்டுங் கருவியைக் கண்டார். இலங்கையில் 1907–08 ஆம் ஆண்டுகளில் வேடர்களை ஆராய வந்த செலிக்மன் தம்பதியர் அக்கருவியைக் காட்டுக்குட் கொண்டு சென்று, மெழுகு உருளைகளில் வேடர் பாடல்களைப் பதிந்தனர். 1911 இல் வெளிவந்த அவர்தம் நூலில் அப்பதிவுகளை வைத்து மையேர்ஸ் என்பார் வேடர் இசை பற்றித் தனி இயலே எழுதினார். இச்செய்தி எமக்கு வியப்பையும் சிறிது மனக்குறையையும் தருவதாகும். காட்டில் வாழ்ந்த மக்களின் குரலை அந்நியர் ஆர்வத்தோடு பதிந்தனர். குளத்தின் கீழ் நெல் விளைத்தவன் குரல் அவர்கள் தேடிவந்த பொருளன்று.

வணிக ஒலிப்பதிவு வேறு வழியிற் சென்றது. 1902 ஆம் ஆண்டு நவம்பரில் பிரெட் கைஸ்பேர்க் என்பவர் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலிய பாடகரைப் பதிந்தார். அவர் பதிந்த இடம் தனியே கட்டப்பட்ட கூடமன்று. தங்குவிடுதி ஒன்றின் அறையேயாம். வீட்டறையிற் பதிவதை இழிவாக எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று. அக்காலத்துப் பத்தங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசையே கொள்ளும். ஆகவே இராகமுஞ் சரணமும் அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒடுக்கப்பட்டன. பொழுது பட்டுத் தொடங்கி விடியுமட்டும் நடக்கும் கூத்தொன்றை, எட்டு மணி நேரமென்று கணக்கிட்டால், அடக்குதற்கு நூற்றறுபது பக்கங்கள், அஃதாவது எண்பது தட்டுக்கள் வேண்டும். எவ்வணிகன் இதற்கு முன்வருவான்? கருவியின் கொள்ளளவே எவ்விசை உலகறிய வேண்டும், எவ்விசை ஊரோடு அடங்க வேண்டும் என்பதைத் தீர்மானித்துவிட்டது.

வன்னிக்கு இசைத்தட்டு வந்ததுண்டு, ஆனால் கேட்பதற்கு. 1926 இற் கொழும்பில் ஒருங்கு நடித்த கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் பின்னர்த் தட்டுக்களின் வழியே ஊரூராகப் பரவினர். ஆர்மோனியத்தோடு கூடிய அவ்விசைநாடகப் பாங்கு ஈழத்து மேடைகளையும் ஆட்கொண்டது. வானொலியும் அவ்வாறே. 1925 இறுதியிற் கொழும்பில் ஆரம்பித்த ஒலிபரப்பு 1949 இல் இலங்கை வானொலி என்னும் பெயரைப் பெற்று, 1967 இற் கூட்டுத்தாபனமாயிற்று. ஈழத்து மெல்லிசை என ஒரு துறை வளர அந்நிலையம் செய்த தொண்டு மறக்கற்பாலதன்று. ஆயினும் முல்லைத்தீவிலிருந்து ஒரு பாடகன் கொழும்புக்குப் போய்க் குரற்றேர்வுக்கு நின்று, நிலைய வாத்தியக் குழுவினருக்கு இயைந்து பாடித் திரும்புவதாயின், அவன் போகும்பொழுது பாடிய பாட்டு வேறு, வரும்பொழுது பாடிய பாட்டு வேறாகவே இருக்கும்.

இந்நிலையைப் பெரிதும் மாற்றியது 1963 இற் பிலிப்ஸ் நிறுவனத்தார் பேர்லினில் அறிமுகஞ் செய்த சிறிய ஒலிப்பேழையாகும். எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் மத்திய கிழக்குக்குத் தொழிலின்பொருட்டுச் சென்று மீண்டோர் கொண்டுவந்த ‘ரேப் றெக்கோடர்’ நம் கிராமங்களில் புதுமனைக்கும் பூப்புநீராட்டுக்கும் முதன்மைப் பொருளாயிற்று. நகரங்களில் ‘றெக்கோடிங் பார்’ எனப்பட்ட கடைகள் தோன்றின. வேண்டிய பாடல்களை ஒரு துண்டில் எழுதி வெறும் ஒலிப்பேழையோடு கொடுத்தால், சில நாளிற் பதிந்து தருவர். பெரும்பாலும் சினிமாப் பாடலே எழுதப்பட்டது என்பது உண்மை. பதியும் பொத்தான் அப்பெட்டியிற் செந்நிறத்தில் அருகிலேயே இருந்தும், அதைத் தம் ஆச்சியின் முன் வைத்து அழுத்தியவர் சிலரே. எம்மையும் சேர்த்தே இதைக் கூறுகின்றேன். என் பாட்டியார் ஒப்பாரி சொல்வதில் ஊரிற் பேர்பெற்றவர். வீட்டில் ஒலிப்பதிவுப் பெட்டி இருந்தது. அவர் குரல் இன்று எவரிடத்தும் இல்லை.

மேனாட்டில் அப்பொழுது இன்னொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1979 இல் ரஸ்காம் நிறுவனத்தார் சாதாரண ஒலிப்பேழையிலேயே நான்கு தடங்களைத் தனித்தனி பதியவல்ல சிறு பெட்டியை வெளியிட்டனர். ஒருவனே முதலிற் கித்தாரை இசைத்து, பின் அதைக் கேட்டுக்கொண்டே பாடி, அதன்மேல் மற்றொரு குரலையும் ஏற்றலாம். 1982 இன் தொடக்கத்தில் புரூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் என்னும் அமெரிக்கப் பாடகர் நியூ ஜேர்சியில் வாடகை வீடொன்றின் அறையில் அப்பெட்டியிற் சில பாடல்களை, தம் குழுவினருக்கு மாதிரியாகக் காட்டும்பொருட்டுப் பதிந்தார். பின்னர்ப் பெரிய கூடத்தில் குழுவோடு பாடிப் பார்த்தும் அந்த அறைப்பதிவின் உயிர் வரவில்லை. ஈற்றில் அவ்வொலிப்பேழையே ‘நெப்ராஸ்கா’ என்னும் தொகுப்பாக அவ்வாண்டு வெளிவந்தது. வீட்டுப் பதிவு பெரும்பதிவுக்கு முன்னோடி மாத்திரமன்று, தன்னளவில் நிறைவுடையது என்பதற்கு இதனை முதற்சான்றாகப் பலரும் காட்டுவர்.

அவ்வாண்டுகளை அடுத்து வன்னியில் நிகழ்ந்தது வேறு. 1990 இற்குப் பின் மின்சாரம் அற்றுப்போயிற்று. எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் தடை வந்தது. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, அதன் ‘டைனமோ’வினால் வானொலி கேட்ட காலத்தை நடுவயதினர் எவரும் மறவார். சுற்றுபவன் கை சோர்ந்தால் ஒலிநாடாவின் ஓட்டமும் சோரும். பாடகரின் சுருதி இறங்கும். தவறு பாடகருடையதன்று, சுற்றியவனுக்கு இராச்சோறு கிடையாமையே என்று நகைப்பர். அக்கொடுங்காலத்திலேயே ஒலிப்பதிவு முதன்முதலாக வன்னி மண்ணில் நிலைகொண்டது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. 1995 இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து பெருந்தொகையான மக்களும் கலைஞரும் வன்னிக்கு இடம்பெயர்ந்தனர். அதன்பின் விடுதலைப் புலிகளின் கலை பண்பாட்டுக் கழகத்தார் ஒலிப்பேழைகளையும், பின்னர் இறுவட்டுக்களையும் அங்கிருந்து வெளியிட்டனர். ‘இறுவட்டு’ என்னும் சொல் நம்மிடையே வேரூன்றியதும் அக்காலத்திலேயே. கிளிநொச்சி வாசகர் யாவரும் அறிந்த பாடகர் எஸ். ஜி. சாந்தன் நாடக மேடையிலும் பத்திப் பாடலிலும் பயின்ற குரலோடு அப்பதிவுகளிற் பாடியவர். 2017 பெப்ரவரியிற் காலமானார். அப்பாடல்களின் அரசியலை எடைபோடுதல் இங்கு எம் நோக்கமன்று. அவை ஓர் இயக்கத்தின் கருத்துக்காகப் பதியப்பட்டவை. தனியொருவன் தன் மனம்போற் பாடிப் பதிந்தவையல்ல. ஆனால் மின்பிறப்பாக்கியின் இரைச்சலையும் வானூர்தியின் அச்சத்தையும் விலக்கி ஒலிப்பதிவு செய்யும் கைத்தேர்ச்சி அவ்வாண்டுகளில் வன்னியில் உருவாயிற்று என்பதை மறுத்தலும் நேர்மையாகாது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. அவ்வாண்டு ஏ9 வீதி திறக்கப்பட்டது, கணினிகள் வந்தன. 2006 ஆகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 ஜனவரி 2 ஆம் நாள் கிளிநொச்சி படையினர் வசமாயிற்று. விசுவமடு, புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என மக்கள் ஒதுங்கிச் சென்ற வழியெங்கும் கைவிடப்பட்ட பொருள்களுள், உடுபுடவையோடும் பாத்திரங்களோடும் ஒலிநாடாக்களும் குடும்ப ஒளிப்படங்களும் இருந்தன. மே மாதம் செட்டிகுளம் முகாம்களை அடைந்தவர்களிடம் கையிற் கொள்ளுமளவே மிஞ்சியது. போருக்கு முன்னரே கடல்கடந்து சென்ற பிரதிகள் மாத்திரம் பிழைத்தன. வன்னியில் மட்டும் இருந்தவை, திருமணவீட்டில் எவரோ பதிந்த பாட்டு, கூத்து ஆடிய இரவொன்றின் ஒலிப்பேழை, இவை போயின. ஏடு செல்லரித்துப் போவதற்கு நூறாண்டு செல்லும். ஒலிநாடா ஒரு மாரியில் நனைந்தாற் போதும்.

இன்றைய வீட்டு ஒலிப்பதிவறையை இப்பின்னணியில் வைத்தே நோக்குதல் வேண்டும். அண்மையிற் கிளிநொச்சிப் பக்கத்தில் அத்தகைய அறையொன்றைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. அதன் உரிமையாளர் போர் முடிந்த காலத்திற் பள்ளிச் சிறுவனாயிருந்தவர். பதினைந்தடி நீள அறை, ஒரு கொண்டென்சர் ஒலிவாங்கி, ஒலியை எண்களாக மாற்றிக் கணினிக்குட் செலுத்தும் சிறு இடைமுகப் பெட்டி, செவிக்கு அணியும் ஒலிகேட்பான், பழைய மடிகணினி. இவ்வளவே. சுவரில் மோதி ஒலி திரும்பாதவாறு பஞ்சு மெத்தைகளைச் சாய்த்தும் பழஞ்சேலைகளைத் தொங்கவிட்டும் இருந்தார். அறுவடை முடிந்த மாதங்களில் நெல்மூடைகளை ஒரு பக்கத்தில் அடுக்குவாராம். அதைப்போல் ஒலியை விழுங்கும் பொருள் விலைக்குக் கிடையாது என்றார். மெத்தை உள்ளெழும் எதிரொலியை அடக்குமேயன்றி வெளியோசையைத் தடுக்காது என்பதை மாணவர் கவனித்தல் வேண்டும். தகரக் கூரையில் மழை விழுந்தால் அன்று பதிவில்லை. உழவு இயந்திரம் போகும் வேளையிலும் இல்லை. மின்விசிறியை நிறுத்த வேண்டும். பங்குனி வெயிலில் இதன் பொருள் யாதென்பதை வன்னியார்க்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே இரவு பதினொரு மணிக்கு மேலேயே அவர் பாடுகிறார். 2022 இல் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாள்களில், மடிகணினியின் மின்கலம் தாங்கும் இரண்டு மணி நேரமே அவர்தம் ஒலிப்பதிவு நேரமாயிற்று.

அவர் தம் தொகுப்பில் எட்டுப் பாடல்கள். ஏழு அவரே இயற்றி இசையமைத்தவை. தாளவாத்தியமும் வயலினும் கணினிக்குள் இருக்கும் மாதிரி ஒலிகளால் ஆக்கப்பட்டவை. செலவு முழுதும் தம் கைப்பொருள். வெளியிடுவது யூரியூப் வழியாக. பாடல்கள் இனியவை. எனினும் மெய்யைக் கூறின், ஏழில் ஐந்து சென்னைச் சினிமாவின் சாயலைத் தாங்கியவை. கூடம் வீட்டுக்கு வந்துவிட்டது. செவி இன்னும் ஊருக்கு வரவில்லை. இதை அவரிடமே கூறினேன். அவர் சினங்கொள்ளாது, எட்டாம் பாட்டைக் கேட்குமாறு சொன்னார்.

எட்டாவது அருவி வெட்டுப் பாட்டு. பாடியவர் அயலில் வாழும் எண்பதைக் கடந்த மூதாட்டி. முதல் நாள் அவரை அறையில் இருத்தி, ஒலிகேட்பானை அணிவித்து, தாளம் பிசகாதிருக்கக் கணினி எழுப்பும் ‘டிக் டிக்’ ஒலியைக் கேட்கச் செய்தனராம். இம்முறை இன்று உலகெங்கும் வழக்கிலுள்ளது. பின்னர் வேறு வாத்தியங்களை ஒட்டுதற்கு இதுவே எளிது. ஆச்சிக்குப் பாட்டு வரவில்லை. “தம்பி, குனிஞ்சு வெட்டினாத்தான் எனக்குப் பாட்டு வரும். உது என்ர காதுக்குள்ள நிண்டு என்னை விரட்டுது” என்றாராம். அவர் கூற்றில் ஓர் இசையிலக்கணமே அடங்கியுள்ளது. வெட்டும் கை முன் செல்கையில் அடி விரைகிறது. கதிரைச் சேர்த்துப் பிடிக்கையில் தாமதிக்கிறது. ஒழுங்கான மாத்திரை அங்கில்லை. சுருதியும் அங்ஙனமே. பாடகர் சுரத்தைத் தவறவிட்டால் திருத்திவைக்கும் ‘ஓட்டோ ரியூன்’ என்னுங் கணினி முறை 1997 இல் வந்தது. அது ஆர்மோனியக் கட்டைகளைப்போற் பன்னிரண்டு நிலைகளையே பெரும்பாலும் சரியென்று கொள்ளும். நாட்டார் பாடகர் இரு கட்டைகளுக்கிடையே நின்று இழைத்தால், அதைப் பிழையென்று எண்ணி இழுத்து நேராக்கிவிடும். அவ்வாறு நேராக்கப்பட்ட பதிவை எதிர்கால ஆராய்ச்சியாளன் ஆதாரமாகக் கொள்வானாயின், அவன் அளப்பது ஆச்சியின் இசையையன்று.

மறுநாட் காலையில் ஒலிவாங்கியை வளவிற்கே கொண்டு சென்றனர். கையில் அரிவாளைக் கொடுத்தனர். அவர் குனிந்து நின்று பாடினார். நாலரை நிமிடம். நடுவில் இருமுறை மயில் அகவுகிறது. தொலைவில் நாய் குரைக்கிறது. ஓரிடத்தில் ஆச்சி சொல்லை மறந்து, நின்று, சிரித்து, மீளத் தொடங்குகிறார். அருகில் நின்ற அவர் மகள் அடியை எடுத்துக்கொடுத்ததும் பதிவாகியுள்ளது.

இங்கு ஒன்றை இடைப்பிறவரலாகக் குறித்தல் தகும். இத்தகைய பாட்டைத் தம் இயற்றலென்று பெயரிட்டு வெளியிடுவோரும் உளர். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் காப்பளிக்கின்றது என்பதை அன்னார் அறிந்திருத்தல் நன்று. எம் நண்பர் பாட்டின்கீழ் ஆச்சியின் பெயரையும் ஊரையும் பதிந்த நாளையும் எழுதியிருந்தார். தம் பெயரை ஒலிப்பதிவு என்பதன் எதிரே மாத்திரம் இட்டிருந்தார்.

தொகுப்பிற் சேர்க்கும்பொழுது மயிலையும் நாயையும் நீக்குவதா என்பது அவருக்கும் எனக்கும் வழக்காயிற்று. கணினி அவற்றைச் சில நிமிடத்தில் துடைத்துவிடும். கேட்போர் தூய ஒலியையே விரும்புவர் என்பது அவர் கட்சி. வயலிற் பாடிய பாட்டில் வயல் இருத்தல் வேண்டும் என்பது என் கட்சி. ஈற்றில் இரண்டும் செய்யப்பட்டன. துடைத்த பதிவு தொகுப்பில் வரும். துடைக்காத மூலம் அவ்வாறே வைக்கப்படும். எண்பது இசைத்தட்டு வேண்டிய கூத்தொன்று இன்று நகத்தளவு நினைவட்டையில் அடங்குமாதலின் இடத்துக்குக் குறையில்லை. எங்கு வைப்பது என்று கேட்டபொழுது அவர் தயங்காமல் விடை கூறினார். ஒரு பிரதி கிளிநொச்சியில் அவர் வீட்டில்; மற்றொன்று வவுனியாவில் தமக்கையார் வீட்டில்; மூன்றாவது 2005 முதல் நம் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனத்தாருக்கு அனுப்புவதற்காக உறையிலிட்டு மேசைமேல் இருந்தது. உறையின் புறத்தே பாட்டின் பெயருக்கு முன்பாக, பாடியவர் எந்தக் குளத்தின் கீழ் எத்தனை ஆண்டு வெட்டினார் என்று எழுதப்பட்டிருந்தது.